கப்பல் கூலி ஏறினால் தையல் கூலி இறங்குவதா?



திருப்பூரில் கூலி உயர்வுப் பேச்சு எழும்போதெல்லாம் முதலாளிமார் தரப்பில் ஒரு பல்லவியும் எழுகிறது. நூல் விலை ஏறிவிட்டது என்பது அதன் முதல் அடி. சாயக் கூலி ஏறிவிட்டது என்பது இரண்டாம் அடி. கப்பல் கூலி ஏறிவிட்டது என்பது மூன்றாம் அடி. “ஆகையால் இந்த ஆண்டு பொறுத்துக் கொள்ளுங்கள்” என்று பல்லவி முடிகிறது.

முதல் இரண்டு அடிகளுக்கும் தொழிலாளி பதில் சொல்லக் கற்றுக் கொண்டுவிட்டான். நூல் என்ன விலை என்பதைப் பத்திரிகை சொல்லிவிடுகிறது. சாயப் பட்டறைக் கூலி ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்றாம் அடி வந்ததும் அவன் வாயடைத்து நிற்கிறான். ஓவர்லாக் மிஷின் தெரியும், பிளாட்லாக் தெரியும், பீஸ் ரேட் தெரியும், கப்பல் தெரியாது! கண்டெய்னர் லாரி மில் வாசலை விட்டுப் போனபின் அதன் கதி என்ன, கணக்கு என்ன என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. தெரியாத கணக்கைக் காட்டித் தெரிந்த வயிற்றைச் சுருக்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கை இன்று பிரித்துப் பார்த்து விடுவோம். அது மந்திரமல்ல; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஏறியது மெய், இறங்கியதும் மெய்

கப்பல் கூலி ஏறியது என்பது பொய்யா? பொய்யென்று நாம் சொல்ல மாட்டோம். உள்ளதை உள்ளபடி ஒப்புக் கொள்வதால் தொழிலாளி வர்க்கத்துக்கு நஷ்டம் எதுவுமில்லை.

லண்டனிலுள்ள டுரூரி என்னும் நிறுவனம் உலகின் முக்கியமான கடல் வழிகளின் கண்டெய்னர் வாடகையை வாரந்தோறும் கணித்து வெளியிடுகிறது. அதன்படி நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்றின் வாடகை 2019ஆம் ஆண்டில் சராசரியாக 1,420 டாலர். கொரோனாக் காலத்தில் துறைமுகங்கள் முடங்கின. காலிக் கண்டெய்னர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமற் போயின. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியையே அடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதே வாடகை 10,377 டாலர் வரை போயிற்று. ஏழு மடங்கு!

பிறகு 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள்மீது ஹவுதி படையினரின் தாக்குதல் தொடங்கியது. டிசம்பரில் பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் வழியைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை பயணம் நீண்டது. வாடகை மீண்டும் ஏறியது. போர் அபாயக் கட்டணம் என்று தனியே ஒன்றும் சேர்ந்தது.

இவையெல்லாம் மெய். ஆனால் இந்த இரண்டு ஏற்றங்களுக்கும் நடுவே நடந்ததை மட்டும் ஏன் சொல்வதில்லை? 2023 அக்டோபரில் அந்த வாடகை 2019ஆம் ஆண்டுச் சராசரிக்கும் கீழே போய்விட்டது! 10,377இல் கிடந்தது 1,400க்கும் கீழே வந்தது. அன்று எவராவது தொழிலாளியை அழைத்து, “கப்பல் கூலி இறங்கிவிட்டது, இதோ உன் பங்கு” என்று கொடுத்ததுண்டா? ஏறும்போது கூட்டம் போட்டுச் சொன்னவர்கள் இறங்கும்போது ஊமையாகி விட்டார்கள். ஏற்றம் உனக்கு, இறக்கம் எனக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

எடையல்ல, இடம்

இனி மொத்த ஆர்டர் ஒன்றுக்குக் கப்பல் கூலி போடுவது எப்படி என்று பார்ப்போம்.

பலரும் நினைப்பது போல அது எடைக் கணக்கல்ல. இரும்புக்கும் அரிசிக்கும் எடை, பனியனுக்கு இடம். ஆடை எடையில் சிறியது, இடத்தில் பெரியது. நாற்பதடிக் கண்டெய்னர் இருபத்தைந்து டன்னுக்கு மேலும் தாங்கும். ஆனால் பனியன் பெட்டிகளை உச்சிவரை அடுக்கினாலும் ஏழெட்டு டன் தேறினால் பெரிது.

கணக்குக்காக 36,000 டி-சர்ட் கொண்ட ஆர்டர் ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒன்றின் எடை 180 கிராம். அட்டைப்பெட்டி ஒன்றில் 60 உருப்படி. ஆகவே 600 பெட்டிகள். அட்டையும் சேர்த்து ஒரு பெட்டி 12 கிலோ. மொத்தம் 7,200 கிலோ.

பெட்டியின் அளவு 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். மூன்றையும் பெருக்கினால் 0.096 கன மீட்டர். 600 பெட்டிக்கு 57.6 கன மீட்டர். இதைத்தான் ஷிப்பிங் ஆபீசில் சி.பி.எம். என்கிறார்கள்.

நாற்பதடிக் கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 67 கன மீட்டர். பெட்டிகளை அடுக்கும்போது மூலையிலும் மேலேயும் இடம் வீணாவதால் 55 முதல் 58 வரைதான் நடைமுறையில் கொள்ளும். நம் ஆர்டர் அதில் நிறைந்து உட்கார்ந்து விடுகிறது. வாடகை 2,000 டாலர் என்று வைத்துக் கொண்டால் ஒரு டி-சர்ட்டுக்கு விழுவது ஐந்தரைச் சென்ட். வாடகை மும்மடங்காகி 6,000 டாலர் ஆனாலும் பதினாறு சென்ட்டுக்குச் சற்று மேல். இரண்டரை டாலர் விலையுள்ள சரக்கில் ஏறியது பதினொரு சென்ட்! இதுதான் அந்தப் பூதத்தின் உருவம்.

அதே 36,000 உருப்படி குளிர்கால ஹூடியாக இருந்தால்? அதே அளவுப் பெட்டியில் 24தான் கொள்ளும் என்று வைத்தால் 1,500 பெட்டிகள், 144 கன மீட்டர். இரண்டு கண்டெய்னருக்கு மேல் போய் மூன்றாவது வேண்டும். மூன்றாவது பாதி காலியாகக் கிடக்கும். காலி இடத்துக்கும் வாடகை உண்டு. ஆகவே உருப்படி எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கப்பல் கூலி போடுகிறவன் கணக்குப் போடவில்லை, ஜோசியம் பார்க்கிறான்.

நான்கு சென்டிமீட்டரின் விலை

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஆர்டர் பாதியானால், அதாவது 18,000 டி-சர்ட் ஆனால், 300 பெட்டி, 28.8 கன மீட்டர். இருபதடிக் கண்டெய்னர் நடைமுறையில் 25 முதல் 28 வரை கொள்ளும். நம் சரக்கில் சில பெட்டிகள் வெளியே நின்றுவிடும்! அந்தச் சில பெட்டிகளுக்காகப் பெரிய கண்டெய்னர் எடுக்க வேண்டும். அல்லது பிறர் சரக்கோடு பங்குக் கண்டெய்னரில் அவற்றைத் தனியே அனுப்ப வேண்டும். பங்குக் கண்டெய்னரில் கன மீட்டர் ஒன்றுக்கு வாடகை. அதோடு இருபுறமும் கிடங்குக் கட்டணம்.

இங்கே பெட்டியின் உயரத்தை 40இலிருந்து 36 சென்டிமீட்டராகக் குறைக்க முடியுமானால்? பெட்டி ஒன்று 0.0864 கன மீட்டர். முந்நூறு பெட்டி 25.92. இருபதடியிலேயே எல்லாம் அடங்கிவிடும். நான்கு சென்டிமீட்டர், ஒரு முழு ஆர்டரின் கப்பல் கணக்கைத் தலைகீழாக மாற்றுகிறது.

அந்த நான்கு சென்டிமீட்டர் குறையுமா, துணி கசங்குமா, மடிப்பை மாற்றினால் அடங்குமா என்பதை யார் அறிவார்? குளிர்சாதன அறையில் இருக்கும் மானேஜர் அறிய மாட்டார். நாளெல்லாம் அயனிங் மேசையிலும் பேக்கிங் மேசையிலும் நின்று மடித்து அடுக்கும் தொழிலாளிகள் அறிவார்கள். அந்த அக்காக்களும் தங்கைகளும் அறிவார்கள். விலை பேசுமுன் ஒரு பெட்டியை நிரப்பி அளந்து பாருங்கள் என்று அவர்களைக் கேட்கும் கம்பெனிகள் எத்தனை? கேட்பதில்லை. விலை பேசி முடித்து, சரக்கும் தைத்து, கண்டெய்னர் வாசலில் வந்து நின்றபின் பெட்டி மிஞ்சுகிறது. மிஞ்சிய பெட்டிக்கான செலவு கூலிக் கணக்கில் வந்து உட்கார்கிறது.

யார் கட்டுகிறார்?

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். இந்த வாடகையைக் கட்டுவது யார்?

விலை பேசுவதில் சில முறைகள் உண்டு. எப்.ஓ.பி. என்பது ஒன்று. சரக்கைத் துறைமுகத்தில் கப்பலேற்றித் தருவதோடு விற்பவர் கடமை முடிந்தது. கடல் வாடகை வாங்குபவருடையது. சி.ஐ.எப். என்பது இன்னொன்று. கடல் வாடகையையும் இன்சூரன்சையும் விற்பவர் கட்ட வேண்டும். டி.டி.பி. என்பது மூன்றாவது. வாங்குபவர் வாசல்வரை வரியுட்பட எல்லாம் விற்பவர் தலையில்.

பின்னலாடை ஏற்றுமதியில் பெரிதும் வழங்குவது எப்.ஓ.பி. முறைதான். அதில் முதலாளி கட்டுவது எவை? திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ லாரி வாடகை, கஸ்டம்ஸ் ஏஜெண்டு கூலி, துறைமுகத்தில் கண்டெய்னரைக் கையாளும் கட்டணம், பி.எல். பத்திரக் கட்டணம், சீல் கட்டணம் ஆகியவை. கடலில் அலை எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வாடகை அவர் பையிலிருந்து நேரே போவதில்லை!

“அப்படியானால் எங்களுக்குத் தொல்லையே இல்லையா?” என்று கேட்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. வாடகை ஏறினால் வெளிநாட்டுப் பையர் ஆடை விலையைக் குறைக்கச் சொல்கிறான். அங்கே ஏறியதை இங்கே பிடுங்கப் பார்க்கிறான். ஆனால் அது கப்பல் கூலியல்ல, தோழர்களே, பையரின் நெருக்கடி. பையரிடம் நிமிர்ந்து பேச வேண்டியதைத் தொழிலாளியிடம் குனிந்து வாங்கிக் கொள்வது வியாபாரத் திறமையாகுமா?

சி.ஐ.எப். முறையில் விலை பேசியவர்களுக்குத்தான் வாடகை நேரே சுடும். அவர்களும் தப்ப வழியுண்டு. விலை பேசுவது இன்று. சரக்கு கப்பலேறுவது மூன்று நான்கு மாதம் கழித்து. கப்பல் கம்பெனி தரும் வாடகைக் கொட்டேஷன் சில வாரங்களுக்கு மேல் செல்லுபடியாகாது. மாதக் கணக்கில் தள்ளி வரும் செலவை இன்றைய வாடகையில் போட்டுக் கையெழுத்திடுவது சூதாட்டம். “வாடகை இத்தனைக்கு மேல் ஏறினால் கூடுதலை வாங்குபவர் ஏற்பார்” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் சூதாட்டம் நின்றது. அந்த ஒரு வரியை எழுதாதவர்கள், சூதில் தோற்றால் தொழிலாளியின் சட்டைப்பையைத் தடவுகிறார்கள்.

ஆகாய மார்க்கம் என்னும் தண்டம்

கப்பலைவிடக் கொடியது ஒன்று உண்டு. குறித்த நாளில் சரக்கு கப்பலேறாவிட்டால் பையர் சொல்லும் சொல் அது: “விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது.”

விமானத்தில் எடையும் பார்ப்பார்கள், இடமும் பார்ப்பார்கள். எது அதிகமோ அதற்குக் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது இடத்தின் எடை. நம் பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள்: 96,000ஐ 6,000ஆல் வகுத்தால் 16 கிலோ. தராசில் 12, கணக்கில் 16! காற்றுக்கும் அட்டைக்கும் சேர்த்துக் கட்டணம். 600 பெட்டிக்கு 9,600 கிலோ. கிலோவுக்கு மூன்று டாலர் என்று வைத்தால் 28,800 டாலர். ஒரு டி-சர்ட்டுக்கு 80 சென்ட்.

இரண்டரை டாலர் வீதம் மொத்தச் சரக்கின் விலையே 90,000 டாலர்தான். அதில் எட்டு விழுக்காடு லாபமென்றால் 7,200 டாலர். விமானத்துக்குப் போவது லாபத்தைப் போல நான்கு மடங்கு! ஓர் ஆர்டர் ‘ஏர்’ போனால் நான்கு ஆர்டரின் லாபம் பறந்து போகிறது.

இந்தப் பயத்தில்தான் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட், விடிய விடிய வேலை. பையர் சாம்பிளை ஒப்புக் கொள்ள மூன்று வாரம் இழுத்தடிக்கிறான். நிறத்தை மாற்றச் சொல்கிறான். சாயப் பட்டறையில் வரிசை காத்துக் கிடக்கிறது. எல்லாத் தாமதமும் முடிந்து துணி கட்டிங் மேசைக்கு வரும்போது இருபது நாள் வேலைக்குப் பத்து நாள்தான் மிச்சம். மேலே இருப்பவர்கள் ஆறவமர இழந்த நாட்களைக் கீழே இருப்பவள் தன் தூக்கத்தைக் கொடுத்து மீட்க வேண்டுமாம்! பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சோறாக்க முடியாமல், கண்ணெரிய, இடுப்பொடியத் தைத்துக் கொடுக்கிறாளே, அந்த இரவுகள் மிச்சப்படுத்தியது எவ்வளவு? 28,800 டாலர்! அதில் அவள் பங்கு எவ்வளவு? இதைக் கேட்டால் நாம் பொல்லாதவர்களா?

சிதம்பரனார் போட்ட கணக்கு

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் அங்கே ஏன் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி – கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனி வைத்ததே கட்டணம் என்றிருந்த நிலையை உடைக்கக் ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களைக் கொண்டு வந்தார். எதிரிக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. சுதேசிக் கம்பெனியை ஒழிப்பதற்காகத் தன் நஷ்டத்தையும் பொறுத்துக் கொண்டது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே மனிதர் 1908இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் தோள் கொடுத்தார் என்பதை மறக்கக் கூடாது. கப்பல் கூலியையும் மில் கூலியையும் ஒருங்கே எண்ணிய தலைவர் அவர். கப்பல் நம்முடையதாக வேண்டும் என்பதற்காகத் தொழிலாளியைப் பொறுத்துக் கொள்ளச் சொன்னவரல்லர்.

இன்றைய நிலை என்ன? 1961இல் இந்தியக் கப்பல் கழகம் அரசுத்துறையில் உருவாயிற்று. ஒன்றிய அரசே 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டின் கடல் வாணிபத்தில் இந்தியக் கப்பல்களின் பங்கு 1987–88இல் 40.7 விழுக்காடு, 2018–19இல் சுமார் 7.8 விழுக்காடு. அந்த ஓராண்டில் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாடு கட்டிய வாடகை சுமார் 5,300 கோடி டாலர்! கப்பல் கூலி ஏறுகிறது என்று அழுகிற முதலாளிமார், சொந்தக் கப்பல் எங்கே என்று தில்லியைக் கேட்டு எத்தனை தீர்மானம் போட்டார்கள்? எத்தனை முறை அந்த வாசலில் நின்றார்கள்? தொழிலாளியிடம் காட்டும் வீரத்தில் பாதியை அங்கே காட்டியிருக்கலாம்.

கேட்க வேண்டியவை

தோழர்களே, சிறு ஜாப் ஒர்க் முதலாளியும் இந்தச் சுமையில் நசுங்குகிறார் என்பதை நாம் அறிவோம். அவரை எதிரியென்று சொல்லவில்லை. கணக்கை மூடி வைப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஆகவே கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத் தோழர்கள் நான்கு காரியங்களைக் கையில் கொண்டு போக வேண்டும்.

ஒன்று: கப்பல் கூலியைக் காரணம் காட்டுகிறவர் எந்த முறையில் விலை பேசினார் என்பதைச் சொல்ல வேண்டும். எப்.ஓ.பி. ஆனால் கடல் வாடகை அவர் செலவல்ல. சி.ஐ.எப். ஆனால் உருப்படிக்கு எத்தனை சென்ட் ஏறியது என்று எழுதிக் காட்ட வேண்டும்.

இரண்டு: விலை பேசுமுன் பெட்டியை நிரப்பி அளக்க வேண்டும், அந்த அளவில் பேக்கிங் தொழிலாளியின் யோசனை கேட்கப்பட வேண்டும். மிச்சமாகும் வாடகையில் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

மூன்று: பையரின் தாமதத்தால் சரக்கு ‘ஏர்’ போனால் செலவு பையருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். நாள் நெருக்கத்தால் இரவு வேலை வாங்கினால் சட்டப்படி இரட்டைக் கூலி கொடுக்கப்பட வேண்டும்.

நான்கு: கூலியைக் கப்பல் வாடகையோடு கட்டுவதானால் ஏற்றத்துக்கு மட்டுமல்ல, இறக்கத்துக்கும் கட்ட வேண்டும். இல்லையேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். அன்று விலைவாசிக் கணக்கைத் தொழிலாளி கற்றான்; கற்றதைக் கேட்டான். இன்று கற்க வேண்டியது கப்பல் கணக்கு. பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது கொடியோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியை அளப்போம், வாடகையை வகுப்போம், பிறகு கூலியைப் பேசுவோம்!